காந்தத்தில் ஒட்டாத ரிப்பன்

ஆலையில் எல்லோரும் அவளை ரிப்பன் என்றே கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதையாக ரிப்பன் அக்கா என்பார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவளும் சுற்றிப் பார்ப்பாள்.

எஃகு ஆலையின் பின்பக்கத்தில், பழைய கிடங்கைத் தடுத்துக் கட்டிய சிறிய கூடத்தில் அவளுக்கு வேலை. கூடத்தின் நடுவில் ஒரு செம்புச் சக்கரம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. விளிம்பு கண்ணாடி போலப் பளபளக்கும். மோட்டாரைப் போட்டு வேகம் ஏறிவிட்டால் அது சுற்றுவதே தெரியாது. அசையாமல் நிற்பது போலவே இருக்கும். விரலை நீட்டிப் பார்க்கலாமா என்று தோன்றும் அளவுக்குச் சாதுவாகத் தெரிகிற அந்த நேரத்தில்தான் அதன் கிட்டே போகக் கூடாது.

சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு மூசை, அதாவது உலோகம் உருக்குகிற பாத்திரம், தேநீர்க் குவளை அளவில். அதற்குள் எஃகு உருகி வெள்ளை வெளிச்சமாகத் தளும்பும். மூசையின் அடியில் ஒரு சிறு துளை. மேலிருந்து வாயுவைச் செலுத்தி அழுத்தினால், துளை வழியாக எஃகு நூல் போல இறங்கிச் சக்கரத்தின் விளிம்பில் விழும். விழுந்த கணத்திலேயே மறுபக்கம் வெள்ளி நிறத்தில் ஒரு நாடா சீறிக்கொண்டு பறக்கும். விரல் நகத்தின் பாதி அகலம், தலைமயிரின் கனம். அது நீளமான தகரப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டு விழுந்து சலசலக்கும். அவ்வளவுதான். மூசை காலி.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பெரிய வார்ப்புக் கூடத்தில் அச்சுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அங்கே எஃகு உறைவது வேறு கதை. ஆள் உயரக் கட்டி ஒன்று ஆறுவதற்கு ஒரு பகல் முழுக்க ஆகும். மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளே வெகுநேரம் குழம்பாகவே கிடக்கும். எஃகு என்றால் பொறுமை என்றுதான் அவள் அதுவரை புரிந்து வைத்திருந்தாள். முதல் முறை செம்புச் சக்கரத்தைப் பார்த்த நாளில், குழம்பு நாடாவாகும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணைக் கொட்டாமல் நின்றாள். முடியவில்லை. இந்தப் பக்கம் குழம்பு, அந்தப் பக்கம் நாடா. நடுவில் எதுவும் இல்லை.

“எங்கே உறையுது மேடம்?” என்று கேட்டாள்.

சோதனையை நடத்திய உலோகவியலாளரை எல்லோரும் மேடம் என்றுதான் அழைத்தார்கள். அதிகம் பேசாத, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற பெண்.

“சக்கரத்தைத் தொட்ட இடத்துலயே.”

“எவ்வளவு நேரத்துல?”

“அதுக்கு நேரம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. அந்த வேகத்துல ஒரு நொடி முழுக்க ஆறிக்கிட்டே போகுதுன்னு வெச்சா, லட்சக்கணக்கான டிகிரி இறங்கியிருக்கும். ஆனா இறங்குறதுக்கு அவ்வளவு டிகிரி எஃகுகிட்ட கிடையாது. அதுக்கு முன்னாடியே உறைஞ்சு முடிஞ்சிடும்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின், சுவரோரம் வெட்டு மேசை, மேசை மேல் குண்டூசிகளைப் பொறுக்குவதற்கு ஒரு காந்தம். துணியை வெட்டும் முன் மூன்று முறை நீவி, நான்காவது முறை யோசிக்கிற மனிதர்.

“உனக்கு ஏத்த மிஷினுதான்,” என்றார். “சாப்பாட்டைக்கூட நின்னுக்கிட்டே முடிக்கிற ஆளு நீ.”

“நீங்க அந்தக் கட்டி மாதிரிங்க. காலையில ஊத்தினா சாயங்காலம்தான் வாயத் திறப்பீங்க.”

அவர் சாயங்காலம் வரை காத்திருக்காமல் சிரித்துவிட்டார்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் முன் சக்கரத்தின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சாராயத்தில் நனைத்த துணியால் துடைப்பது அவள் பொறுப்பு. ஒரு விரல் ரேகை பட்டிருந்தால்கூட அந்த இடத்தில் நாடா ஒட்டாமல் எகிறிவிடும். வார்ப்பு முடிந்ததும் நாடாவை எடுத்துத் துண்டு போடுவாள். அதற்குக் கணவர் கொடுத்த பழைய கத்திரிக்கோல் ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். நாடா காகிதம் போல வெட்டுப்படும். பிறகு தரையில் சிதறியதைப் பெருக்க வேண்டும். மற்ற கூடங்களில் எல்லாம் சக்கரம் வைத்த காந்த வண்டி ஒன்றைத் தரை மேல் உருட்டினால் இரும்புத் துகள் அத்தனையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாடா காந்தத்தில் ஒட்டாது. குனிந்து துடைப்பத்தால் கூட்டி அள்ள வேண்டும்.

“எஃகுன்னு பேரு, காந்தத்தைக் கண்டா முகத்தைத் திருப்பிக்குது,” என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்.

மேடம் ஒருமுறை அவளை நுண்ணோக்கி வழியாகப் பார்க்கச் சொன்னார். முதலில் அதே எஃகை மெதுவாக வார்த்த துண்டு. காய்ந்து வெடித்த சேற்றுத் தரை போல இருந்தது. வெடிப்புகளின் இடத்தில் வெள்ளை வலை, நடுநடுவே முரட்டுக் கட்டிகள். அடுத்து நாடாவின் குறுக்கு வெட்டு. அவள் முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். உருப்பெருக்கத்தைக் கூட்டிய பிறகு தெரிந்தது. சக்கரத்தைத் தொட்ட பக்கத்திலிருந்து ஆயிரமாயிரம் மெல்லிய தூண்கள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஒரே திசையில் எழுந்து நின்றன. காற்றுப் பக்கம் நெருங்கும்போது அவை சிறு கிளைகளாகப் பிரிந்தன. கட்டி எதுவும் இல்லை. தலைமயிர்க் கனத்துக்குள் ஒரு காடு. இதை ஒருவரும் நடவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட அதற்குத் தரப்படவில்லை. அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்காத அவளுக்கு அது புதிது.

ஆனால் ஆலைக்கு வேண்டியது காடு அல்ல, கடினம். அமைப்பு இவ்வளவு நுண்மையாக இருந்தால் எஃகு இன்னும் கடினமாக இருக்க வேண்டும், அதைக் கொண்டு நீடித்து உழைக்கும் வெட்டலகு செய்யலாம் என்பதே திட்டம். வைரமுனை ஒன்றை எஃகின் மேல் அழுத்தி எடுத்தால் ஒரு குழி விழும். குழி சிறியதென்றால் எஃகு கடினம், பெரியதென்றால் மென்மை. நாடாவில் விழுந்த குழிகள் பெரியவையாகவே இருந்தன. அந்த ரக எஃகை உறுதியாக்க வழக்கமாகச் செய்வது போல, உலையில் குறைந்த சூட்டில் வைத்து எடுத்தும் பார்த்தார்கள். குழி மாறவில்லை. வாரக்கணக்கில் மாறவில்லை. மேலாளர் பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில், வெள்ளிக்கிழமை சக்கரத்தைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிடலாம், இடம் வேறு வேலைக்கு ஆகும் என்று சொல்லிவிட்டார். ரிப்பனுக்குப் பொதி கட்டும் பிரிவில் வேலை.

“அங்க என்ன பண்ணணும்?” என்று கேட்டார் கணவர்.

“பெட்டிக்கு நாடா ஒட்டணும்.”

“அதுவும் ரிப்பன்தானே?”

அவள் சிரிக்கவில்லை. அவர் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “அவ்வளவு பிடிச்சிருக்கா?”

“நான் இன்னும் அதைப் பார்க்கவே இல்லீங்க,” என்றாள். “உறையுற இடத்தை. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை பிடிச்சிடலாம்னுதான் நிக்கிறேன். தப்பிச்சுப் போயிடுது.”

அவர் மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

அந்த வாரத்தின் நடுவில் உலைக்காரர் வந்தார். பக்கத்துக் கூடத்தில் பதப்படுத்தும் உலைகளைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

“தங்கச்சி, கட்டுக்கம்பி தீர்ந்துபோச்சு. உன் ரிப்பன்ல ஒரு முழம் குடு. கூடைக்கு அடையாளத் தகடு கட்டணும்.”

“அண்ணே, அது சோதனைக்கு வெச்சிருக்கிறது.”

“என்ன சோதனை? வெள்ளிக்கிழமை கடையைச் சாத்தறாங்கன்னு வாசல்ல நிக்கிற காவல்காரருக்கே தெரியும். வெட்டுறதுக்கு ஆகாதது கட்டுறதுக்காவது ஆகட்டுமே.”

வார்த்தை சுட்டது. ஆனாலும் பெட்டியிலிருந்து ஒரு நீளம் இழுத்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், அவர் கட்டுகிற லட்சணம் பொறுக்காமல், தானே போய் அதை மடித்து முறுக்கித் தகட்டைக் கூடையில் கட்டினாள். கூடை நிறைய துளையிடும் டிரில்கள். டிரில் எஃகு வேறு ரகம். அதற்கு அதிகச் சூடு வேண்டும். இருட்டில் பார்த்தால் மட்டும் சிவப்பு தெரிகிற சூடு. கூடை அந்த உலைக்குள் போனது.

வியாழக்கிழமை கூடை வெளியே வந்து ஆறியிருந்தது. “நீ போட்ட முடிச்சு, நீயே அவிழ்த்துட்டுப் போ,” என்று உலைக்காரர் கூப்பிட்டார். முறுக்கு அவிழவில்லை. அவளுக்குப் பொறுமை இல்லை. பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வெட்டினாள். முதல் வெட்டில் விடவில்லை. இரண்டாவதில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தகட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, முறுக்குத் துண்டைத் தரையில் விட்டுவிட்டு ஓடினாள். அன்றைக்கு மேடத்துக்குப் பெட்டிகளை அடுக்கித் தர வேண்டியிருந்தது.

அன்று மாலை கணவருடைய நல்ல கத்திரிக்கோல் சாணை பிடிக்கப் போயிருந்தது. அவசரமாக ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வெட்ட வேண்டும் என்று அவள் பையிலிருந்து பழையதை எடுத்தார். இரண்டு வெட்டு போனது. மூன்றாவதில் துணி சிக்கி நூல் இழுபட்டது.

“இங்க வா. இதுல எதை வெட்டின?”

“எதை வெட்டுவேன்? ரிப்பனைத்தான்.”

“இத்தனை நாளா ரிப்பனைத்தான் வெட்டுற. ஒண்ணும் ஆகலையே.” அவர் ஒரு வெள்ளை நூலை எடுத்து அலகின் கூர் மேல் மெல்ல ஓட்டினார். நூல் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. “பாரு. பல்லு விழுந்திருக்கு.”

“ஆணி கீணி பட்டிருக்கும், விடுங்க.”

“ஆணி பட்டா மழுங்கும். இது சில்லு பேந்திருக்கு. சோத்துல கல்லைக் கடிச்ச மாதிரி. கத்திரிக்கோலைவிடக் கெட்டியா எதையோ கடிக்க வெச்சிருக்க.”

“உலைக்காரண்ணன் கூடையில கட்டியிருந்த ரிப்பன்தாங்க. மெத்துன்னு…” என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றாள். அவர் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கி, நூலை வாங்கி, தானே ஓட்டிப் பார்த்தாள். நூல் நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி அங்கேயே நின்றது.

“என்ன?” என்றார்.

“மெத்துன்னு இருக்கிறதுங்க அது,” என்றாள் மெல்ல. “உலைக்குள்ளே போகும்போது.”

வெள்ளிக்கிழமை காலையில் தன் கூடத்துக்குப் போகாமல் நேராக உலைக் கூடத்துக்குப் போனாள். வழியில் பார்த்தபோது கழற்ற வந்த இரண்டு பொருத்துநர்கள் திருகுச்சாவிகளோடு செம்புச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முதல் போல்ட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

உலைக் கூடத்தில் இரண்டு வகையாகப் பெருக்குவார்கள். முதலில் காந்த வண்டி போகும். அது தூக்கியதை ஒரு தொட்டியில் தட்டுவார்கள். மீதியைத் துடைப்பத்தால் கூட்டி இன்னொரு தொட்டியில் போடுவார்கள். அவள் யோசிக்கவே இல்லை. துடைப்பத் தொட்டியைக் கவிழ்த்து, மணல், துணிக்கிழிசல், செங்கல் தூள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள்.

“என்னம்மா, கம்மலைத் தொலைச்சிட்டியா?” என்றார் உலைக்காரர்.

“நேத்து வெட்டிப் போட்ட ரிப்பன்ணே.”

“அதுக்கா இந்தப் பாடு? பெட்டி நிறைய வெச்சிருக்கியே!”

“அது வேற, இது வேற.”

“ஒரே ரிப்பன்தானே?”

“அதான் எனக்கும் தெரியலை.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கூட உட்கார்ந்து கிளற ஆரம்பித்தார். இரண்டு பேரும் தொட்டியின் அடிவரை பார்த்துவிட்டார்கள். இல்லை. பக்கத்துக் கூடத்திலிருந்து போல்ட் கழன்று தகரத்தில் விழும் ஓசை கேட்டது. அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கூட்டிப் பெருக்கியவர்கள் எங்கேயோ கொட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது.

உலைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவள் பரப்பிப் போட்ட குப்பையை அவரே கூட்டப் போனார். அதற்கு முன் பழக்கப்படி காந்த வண்டியைத் தேடினார். சுவரோரம் நின்ற வண்டியை நேற்று யாரும் தட்டியிருக்கவில்லை. அதைச் சாய்த்து உருட்டியபோது அடிப்பக்கம் தெரிந்தது. இரும்புத் தூள் மயிர் போல அடர்ந்து நின்ற காந்தப் பட்டையில், நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், முறுக்கிய துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே! அப்படியே நில்லுங்க!”

அவர் பயந்து நின்றுவிட்டார். அவள் மண்டியிட்டு, விரலால் அதைத் தொட்டாள். இழுத்தாள். காந்தம் விட மறுத்தது. அவள் கையை எடுத்தவுடன் துண்டு டக்கென்று பட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ முறை முதுகு ஒடியக் குனிந்து பெருக்கிய பொருள் அது. காந்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று அவள் சத்தியமே செய்திருப்பாள். அந்த நம்பிக்கையில்தான் தவறான தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே பண்ணீங்க இதை?” என்று கேட்டாள்.

“நான் ஒண்ணும் பண்ணலையே! கூடையோட வெச்சேன், கூடையோட எடுத்தேன்.”

மேடம் நுண்ணோக்கிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க வந்து முறுக்குத் துண்டை மேசை மேல் வைத்து, ஜன்னல் கம்பியில் காகிதத்தைப் பிடித்திருந்த சிறு காந்தத்தை எடுத்து அருகே கொண்டுபோனாள். துண்டு துள்ளிப் போய் ஒட்டியது. மேடம் முகம் மாறவில்லை.

“கட்டுக்கம்பியா இருக்கும்.”

“கம்பி தீர்ந்துபோச்சுன்னுதான் இதைக் கேட்டாரு.”

மேடம் உறையைக் கழற்றினார். துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். ஒரு பக்கம் மங்கலாக, அதில் இணையான மெல்லிய கோடுகள். சக்கரத்தின் விளிம்பை அவள் உப்புத்தாளால் தேய்த்தபோது விழுந்த கோடுகள், உறைந்த எஃகில் அச்சாகப் பதிந்திருந்தன. கம்பியில் அது வராது. மேடம் பெட்டியிலிருந்து புதிய நாடாவில் ஒரு துண்டு எடுத்துக் காந்தத்தில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. இதை இரண்டு முறை செய்து பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்தார்.

“எந்த உலை?”

“டிரில் வைக்கிற உலை மேடம்.”

“அவ்வளவு சூடா…” என்று சொல்லித் துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்கே சொல்வது போலப் பேசினார். “மெதுவா உறைஞ்சா எஃகுல கலந்திருக்கிற கரியும் குரோமியமும் இரும்பை விட்டுப் பிரிஞ்சு கட்டி கட்டியாச் சேர்ந்துக்கும். நீ பார்த்தியே, அந்த வெள்ளை வலை. சக்கரத்துல பிரியவே நேரம் இல்ல. எல்லாம் இருந்த இடத்துலயே மாட்டிக்கிச்சு. அவ்வளவு கரி உள்ளே கரைஞ்சு கிடக்கிறதால இரும்பு ஆறின பிறகும் சூட்டுல இருந்த அமைப்பை விடலை. அந்த அமைப்பு மெத்துன்னு இருக்கும். காந்தத்துல ஒட்டாது.”

“இப்ப ஒட்டுதே?”

“இந்தச் சூட்டுல, மாட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் வெளியே வந்திருக்கு. கட்டியா இல்ல, இந்த நுண்ணோக்கிக்கே தெரியாத பொடியா. கரி கழண்டதும் இரும்பு ஆறும்போது வேற அமைப்புக்கு மாறிடுச்சு. இந்த ரகத்தை இவ்வளவு சூட்டுல வெச்சா இளகும்னு எல்லாருக்கும் தெரியும். மெதுவா வார்த்த எஃகுக்கு அது உண்மைதான். அதனால நானும் வெச்சுப் பார்க்கலை.”

துண்டில் ஒரு நுனியை மட்டும் ஒடித்து, விளிம்பு மேலாக நிறுத்திப் பிசினில் பதித்து, தேய்த்து, வைரமுனையின் கீழ் கொண்டுபோவதற்குள் மதியம் ஆகிவிட்டது. பொருத்துநர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடம் குழியைப் பார்த்தார். திருகைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். இன்னோரிடத்தில் அழுத்தி, அதையும் பார்த்தார். பிறகு எழுந்து, “நீயே பாரு,” என்றார்.

அவள் குனிந்தாள். புதிய நாடாவில் விழும் குழி அவளுக்கு நன்றாகப் பழக்கம். இங்கே அதன் பாதிக்குச் சற்றுக் கூடுதலான அளவில், பொட்டு வைத்தது போல, வைரத்தின் நான்கு மூலைகளும் தெரியும்படி ஒரு குழி. மெதுவாக வார்த்த துண்டில் விழுவதைவிடவும் சிறியது.

“இத்தனை நாளா உள்ளேயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கா மேடம்?” என்றாள்.

மேடம் இரண்டு துண்டுகளையும் காந்தத்தையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மேலாளரின் அறைக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். ஒரு துண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று மேலாளர் சொன்னாராம். அதில் தவறில்லை. ஆனால் இந்த வருடம் முடியும் வரை சக்கரம் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

பொருத்துநர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியை எடுத்தார்கள்.

“கழட்டினதெல்லாம் மாட்டுங்கண்ணே,” என்றாள் ரிப்பன்.

“காலையிலிருந்து கழட்டிக்கிட்டு இருக்கோம்மா!”

“மாட்டுறதுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.”

அன்று மாலையே ஒரு வார்ப்பு போட்டார்கள். அவள் சக்கரத்தைத் தேய்த்து, துடைத்து, மூச்சுப் படாமல் குனிந்து சரிபார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். வெள்ளை நூல் இறங்கியது. வெள்ளி நாடா பறந்தது. நடுவில் என்ன நடந்தது என்று இந்த முறையும் அவளுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் நாடா சலசலத்து அடங்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு இரண்டு துண்டுகள் கொண்டுபோனாள். மேடம் அனுமதி கொடுத்திருந்தார். வெட்டு மேசையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ஒண்ணுதான் உங்க கத்திரிக்கோல்ல பல்லைப் பேத்தது,” என்றாள். “எதுன்னு சொல்லுங்க.”

அவர் இரண்டையும் நீவிப் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார். பிறகு குண்டூசிக் காந்தத்தை எடுத்து, முதல் துண்டின் மேல் கொண்டுபோனார். அது சும்மா கிடந்தது. அடுத்ததன் மேல் கொண்டுபோனார். அது எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

“ரெண்டும் வேற வேறயா?”

“ஒரே மூசை. ஒரே நாடா. பக்கத்துப் பக்கத்துல உறைஞ்சது.”

அவர் ஒட்டியதைப் பிரித்து வைத்து மறுபடி செய்தார். பிறகு இன்னொரு முறை. பாதி தைத்த சட்டை மெஷின் ஊசியின் கீழே அப்படியே கிடந்தது.